எந்த நாட்டுக் கத்தி நல்ல கத்தி? முதன்முதலாக மடக்குக் கத்தி வாங்குகிறவருக்கு

என் மேசை இழுப்பறையில் ஐந்து மடக்குக் கத்திகள் கிடக்கின்றன. ஒன்று ஸ்விட்சர்லாந்தில் செய்தது, ஒன்று பிரான்ஸ், ஒன்று ஜப்பான், ஒன்று சீனா. ஐந்தாவது எங்கே செய்தது என்று அதன் மேல் ஒரு தகவலும் இல்லை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒற்றைச் சொல்தான். நான் முதலில் வாங்கியது அதைத்தான். கனமாக இருந்தது, பிடியில் கழுகுப் படம், ‘டக்’கென்று திறந்து பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் தேங்காய்நார்க் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது பூட்டு நழுவி அலகு மடங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் மூன்று தையல்.

அதற்கப்புறம்தான் எந்த நாட்டுக் கத்தி நல்லது என்று தேட ஆரம்பித்தேன். இத்தனை வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல் என்று தோன்றுகிறது. ஒரே ஊரில் அருமையான கத்தியும் வருகிறது, குப்பையும் வருகிறது. அதற்காக நாட்டின் பெயரால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தி எந்த ஊரில் செய்தது என்று தெரிந்தால், கையில் எடுத்ததும் எந்தக் குறையை முதலில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். நாட்டுப் பெயரை நான் இப்போது அதற்கு மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன்.

1. எதை வெட்டப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் மடக்குக் கத்தியால் வெட்டுவது பார்சல் பெட்டி, பழம், பால் கவர், நூல், எப்போதாவது கயிறு. இதற்கு 6 முதல் 8.5 செ.மீ. அலகு தாராளம். அலகு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சுகமாக மாம்பழத்தில் இறங்கும். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் தடித்த ‘டாக்டிகல்’ கத்திகள் ஆப்பிளை வெட்டாது, பிளக்கும்.

அழுத்தம் கொடுத்து அறுக்கிற வேலை இருந்தால் பூட்டு வேண்டும். இல்லையென்றால் பூட்டில்லாத சாதாரண பேனாக்கத்தியே போதும். பிடிக்குள் இருக்கும் வில்லின் (ஸ்பிரிங்கின்) இறுக்கத்திலேயே அலகு நிற்கும். டப்பா மூடியை நெம்புவதற்கு எந்த நாட்டுக் கத்தியும் வேண்டாம். அதற்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது.

2. அலகின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

கத்தியைத் திறந்து, அலகு பிடிக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். நல்ல கத்தி பெரும்பாலும் அந்த நெல்லளவு இடத்தில் தன் ஊரைச் சொல்லும். ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் பிரெஞ்சில் துருப்பிடிக்காதது. ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்றால் ஜெர்மனில் அதே பொருள். இரண்டும் எஃகின் வகையைச் சொல்கிற சொற்கள், நாட்டைச் சொல்பவை அல்ல. எங்கேயோ செய்த கத்தியிலும் ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்று அடித்து, ஜெர்மன் என்று நினைக்க வைப்பது பழைய தந்திரம்.

‘சோலிங்கன்’ என்ற பெயர் அப்படியல்ல. ஜெர்மனியின் அந்த நகரத்துப் பெயருக்கு 1938இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. கத்தி செய்வதன் முக்கியமான கட்டங்கள் அந்த வட்டாரத்துக்குள் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரை அடிக்கலாம்.

இதற்கு நேர்மாறான கதை பிரான்சின் லாயோல். பிடியின் முதுகில் தேனீ வைத்த அந்த நேர்த்தியான கத்தியைப் பார்த்திருப்பீர்கள். லாயோல் ஒரு கிராமத்தின் பெயர். ஆனால் அந்தப் பெயர் வெகுகாலம் கிராமத்தாருக்கே சொந்தமாக இல்லை. யார் யாரோ பதிவு செய்து, சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகளுக்கெல்லாம் வைத்து விற்றார்கள். 2012இல் ஊர்க்காரர்கள் எதிர்ப்பைக் காட்ட, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். அதனால் ‘லாயோல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஒரு வடிவத்தின் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்தார்கள், எந்த ஊரில் என்று கூடவே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து கம்பெனிப் பெயரை நாட்டுப் பெயராக நினைக்கும் தவறு. நான் இதில்தான் அதிகம் ஏமாந்தேன். போக்கர் 1869இலிருந்து சோலிங்கனில் இருக்கிற ஜெர்மன் நிறுவனம். ஆனால் ‘போக்கர் பிளஸ்’, ‘மேக்னம்’ என்ற வரிசைகளில் வருபவை பெரும்பாலும் ஆசியாவில் செய்தவை. அமெரிக்கக் கம்பெனியான ஸ்பைடர்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் அலகில் வட்ட ஓட்டை போட்ட மடக்குக் கத்தியை அறிமுகப்படுத்தியவர்கள். அந்த முதல் கத்தியே ஜப்பானில் செய்ததுதான். இன்றைக்கு அவர்களுடைய ‘பாரா மிலிட்டரி 2’ கொலராடோவின் கோல்டன் நகரத்தில், ‘டெலிகா’ ஜப்பானின் செக்கியில், ‘டெனேசியஸ்’ சீனாவில். தைவானின் தைச்சுங், இத்தாலியின் மனியாகோ ஊர்களிலிருந்தும் சில வருகின்றன. எல்லாவற்றிலும் அதே சிலந்தி முத்திரை, அதே ஓட்டை. நாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் இதைவிட வசதியான பள்ளிக்கூடம் கிடையாது. தைவான் கத்திகளின் இழைப்பு வேலை அமெரிக்காவில் செய்ததைவிட நேர்த்தி என்று அந்தக் கம்பெனியின் ரசிகர்களே சொல்லக் கேட்கலாம். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

3. எஃகும் பதமும்

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணை பிடிப்பவர் ஒருவர் வருவார். அந்த ஐந்தாவது கத்தியை ஒரு முறை அவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். பொறியைப் பார்த்தார், நகத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது பச்சை இரும்பு சார். இன்னிக்கு ஏத்தின கூர் நாளைக்கு நிக்காது. காசு வேணாம்.”

ஒரு கத்தியின் தரத்தில் பாதிக்கு மேல் அவர் சொன்னதில் அடங்கிவிடுகிறது. எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் குறிப்பார்கள். 55க்குக் கீழே இருந்தால் கூர் சீக்கிரம் மடங்கும். 60ஐத் தாண்டினால் கூர் நிறைய நாள் நிற்கும், ஆனால் தப்பாகப் பட்டால் விளிம்பு பிசிறாக உடையும், தீட்டவும் நேரமாகும். இந்த எண் எஃகின் பெயரால் மட்டும் வருவதில்லை. சூடேற்றி, குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கும் பதத்தால் வருகிறது. அமெரிக்காவின் பக் கம்பெனி 420எச்சி என்ற சாதாரண எஃகைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறது. பதம் போடுவதில் அவர்களுக்கு நல்ல கைப்பழக்கம். 58 வரை கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தக் கத்தி, மோசமாகப் பதம் போட்ட விலை உயர்ந்த எஃகை எளிதாகத் தோற்கடிக்கும்.

புதியவர் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்: எஃகின் பெயரையும் கடினத்தையும் சொல்லும் கம்பெனி ஓரளவு பொறுப்புள்ள கம்பெனி. ‘சர்ஜிகல் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’ என்று மழுப்பினால் மேலே போகாதீர்கள்.

4. நாடு நாடாக, எங்கே குறை தேடுவது

ஸ்விட்சர்லாந்து. ஸ்விஸ் ராணுவத்துக்கு முதன்முதலில் வந்த சிப்பாய்க் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தவை. அத்தனை கத்திகளைச் செய்துதர அப்போது ஸ்விஸ் பட்டறைகளால் முடியவில்லை. இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை வைத்த கார்ல் எல்ஸனர் 1891இல் அந்த வேலைக்குள் நுழைந்தார். 1897இல் அதிகாரிகளுக்கான இலேசான, பல கருவிகள் கொண்ட கத்தியைப் பதிவு செய்தார். அம்மா விக்டோரியாவின் பெயரோடு பின்னால் ‘இனாக்ஸ்’ சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. போட்டியாளரான வெங்கரையும் 2005இல் அவர்களே வாங்கிவிட்டார்கள்.

விக்டோரினாக்ஸில் குறை தேடினால் எஃகில்தான் அகப்படும். வேண்டுமென்றே 55, 56 அளவில் மிருதுவாக வைக்கிறார்கள். கூர் சீக்கிரம் மழுங்கும். ஆனால் காப்பிக் கோப்பையின் அடியில் மெருகு படாத சொரசொரப்பான வளையம் இருக்கிறதல்லவா, அதில் பத்து முறை இழுத்தாலே திரும்பி வந்துவிடும். எலுமிச்சம்பழம் வெட்டிக் கழுவாமல் வைத்தாலும் துரு எளிதில் ஏறாது. பிரபலமான 91 மி.மீ. மாடல்களில் முக்கிய அலகுக்குப் பூட்டு கிடையாது. முனையை வைத்துக் குத்துகிற வேலை செய்தால் விரலில் மடங்கும். வேலைப்பாட்டில் மட்டும் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். பத்துக் கத்தியை வரிசையாக வைத்துத் திறந்தாலும் பத்திலும் ஒரே சத்தம் கேட்கும்.

பிரான்ஸ். ஓப்பினல் என்ற மரப்பிடிக் கத்தியை 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் என்ற இளைஞர் செய்தார். பீச் மரப்பிடி, ஒற்றை அலகு, ஓர் ஆணி, பிற்பாடு 1955இல் சேர்த்த சுழலும் வளையப் பூட்டு. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. அலகு மெல்லிசு என்பதால் பழம், பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாவற்றிலும் வழுக்கிக்கொண்டு போகும். எட்டாம் எண் மாடலின் அலகு 8.5 செ.மீ. பெரும்பாலான கைகளுக்கு அதுதான் அளவு.

குறை தேட வேண்டியது மரத்தில். ஈரம் பட்டால் பிடி உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. சவோய்க்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசையில் ‘டொக்’கென்று தட்டினால் அலகு தானே கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். கார்பன் எஃகு மாடலை வாங்கினால் மாங்காய் வெட்டிய ஐந்தாவது நிமிடம் அலகு நீலமும் கறுப்புமாகிவிடும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் கடலோர ஊரில் துடைக்காமல் ஓர் இரவு வைத்தால் காலையில் செம்மண் நிறத்தில் வருவது உண்மையான துரு. சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இருப்பவர்கள் ‘இனாக்ஸ்’ வகையையே வாங்குங்கள்.

ஜப்பான். செக்கி நகரத்தில் பல நூறாண்டுகளாக வாள் அடித்துவந்தார்கள். 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும் பிழைப்புக்காகச் சமையல் கத்தி, பேனாக்கத்தி என்று திரும்பினார்கள். இன்று அங்கிருந்து வரும் மடக்குக் கத்திகளில் விஜி-10 என்ற எஃகு அதிகம்; கடினம் சுமார் 60. மிக்கி என்ற ஊரின் ஹிகோனோகாமி இன்னும் எளிமையானது. மடித்த பித்தளைத் தகடு பிடியாகவும், ஓர் அலகும், கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க ஒரு வாலும் இருக்கும். பூட்டும் இல்லை, வில்லும் இல்லை. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான்.

ஜப்பான் கத்தியில் விளிம்பைப் பாருங்கள். கடினமும் மெல்லிசும் சேர்ந்ததால் எலும்பிலோ உலோகத்திலோ பட்டால் தூளளவு சில்லு பெயரும். என் கத்தியில் அட்டைப்பெட்டியின் ஸ்டேப்ளர் பின் பட்டு, கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு பல் விழுந்தது. தவறு என்னுடையது. அந்தப் பல்லைத் தீட்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்கப் போனது.

ஜெர்மனியைப் பற்றிப் பாதி மேலேயே சொல்லிவிட்டேன். சோலிங்கன் முத்திரை உண்மையாக இருந்தால் வேலைப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உள் வரிசை எது என்று மட்டும் பாருங்கள்.

அமெரிக்கக் கத்தியில் தேட வேண்டிய குறை விலை. பக் கம்பெனியின் ‘110’ 1964இல் வந்தது. பிடியின் முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டும் பித்தளை ஓரமும் வைத்த பெரிய கத்தி. பூட்டுள்ள மடக்குக் கத்திகளின் தலைமுறையையே அது மாற்றியது. நல்ல உழைப்பாளி, ஆனால் சட்டைப் பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். இன்றைய உயர்ரகங்களில் எஸ்30வி போன்ற, எஃகுத் தூளை அழுத்தி உருவாக்கும் தூள்முறை எஃகுகள் வருகின்றன. கூர் அபாரமாக நிற்கும். சாதாரணக் கல்லில் தீட்டினால் கை வலிக்கும். ஒரிகன் மாநிலத்தில் செய்யும் பென்ச்மேட் கம்பெனியின் பிரபலக் கத்தி ஒன்றின் விலைக்கு ஏறத்தாழ எட்டு ஓப்பினல் வாங்கலாம். எட்டு மடங்கு நன்றாக வெட்டுமா என்றால், வெட்டாது.

சீனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இங்கேதான் தயக்கம். குவாங்டோங் மாகாணத்தின் யாங்ஜியாங் கத்தி, கத்தரிக்கோல்களுக்குப் பேர்போன ஊர். நடைபாதையில் விற்கும் மலிவுக் கத்திகளும் சீனாவிலிருந்துதான் வருகின்றன. டைட்டானியம் பிடி வைத்து அமெரிக்கக் கத்தியின் விலைக்கே விற்கும் வீ, ரியேட், கைஸர் கத்திகளும் அங்கிருந்துதான். வீ கம்பெனியின் மலிவு வரிசையான சிவிவி நடுத்தர விலையில் இன்று எல்லாரையும் திணற அடிக்கிறது. பேரிங் வைத்த அலகு எண்ணெயில் ஓடுவதுபோலத் திறக்கும். மூடினால் நூல் பிடித்தாற்போல நடுவில் நிற்கும். இருபது வருடத்துக்கு முன் அந்தக் காசுக்கு இந்த வேலைப்பாடு கனவு.

அங்கே குறை தேட வேண்டியது எழுத்தில். பெயர் தெரியாத விற்பனையாளர் ‘டி2’ எஃகு என்று அடித்து விற்பது டி2 தானா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. டி2 முழுமையான துருப்பிடிக்காத எஃகும் அல்ல. ஈரத்தில் புள்ளி விழும். 8சிஆர்13எம்ஓவி என்று நீளப் பெயர் கொண்ட சீன எஃகு சரியாகப் பதம் போட்டால் நல்ல சோற்றுக் கஞ்சி மாதிரி: ஆடம்பரம் இல்லை, வயிறு நிறையும். சுவீடனின் 14சி28என் எஃகு என்று எழுதியிருந்து, கம்பெனியும் தெரிந்த கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

பாகிஸ்தானின் வசீராபாத் பழைய கத்தித் தொழில் ஊர். அங்கிருந்து வரும் ‘டமாஸ்கஸ்’ கத்திகள் அலை அலையாக அழகாக இருக்கும், விலையும் குறைவு. என்ன எஃகுகளை அடுக்கி அடித்தார்கள், பதம் போட்டார்களா என்பது பெரும்பாலும் எழுதியிருக்காது. அலங்காரத்துக்கு வாங்கலாம். இங்கே ஒரு இடைச்செருகல்: பழைய டமாஸ்கஸ் வாள்களோடு பேசப்படும் ‘வூட்ஸ்’ எஃகு தென்னிந்தியாவிலிருந்து போனது. அந்தச் சொல்லே நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ வழியாக வந்தது என்பார்கள். இப்போது விற்கும் டமாஸ்கஸ் வேறு சங்கதி; இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டி, அமிலத்தில் நனைத்துக் கோலம் வரவைப்பது.

இந்தியாவில் மடக்குக் கத்தி என்றால் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். இந்திப் படத்து வில்லன்கள் கையில் வந்து வந்தே பெயர் கெட்டுப்போன கத்தி. அலகின் நீளத்துக்கு அரசு கட்டுப்பாடு வைத்த பிறகு தொழில் சுருங்கிவிட்டது. 2023இல் ஊருக்குள் சுமார் 20 அடி நீளத்தில் கத்திச் சிலை ஒன்று வைத்தார்கள். தினசரிப் புழக்கத்துக்கு நான் ராம்பூரியைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் கையால் செய்வது. ஒன்று போல ஒன்று இருக்காது.

5. கடையில் ஐந்து நிமிடம்

கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இவற்றைச் செய்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள். அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வேண்டாம்.

திறந்து, முனைக்குச் சற்றுக் கீழே அலகின் இரு பக்கத்தையும் விரலால் பிடித்து இடம் வலமாகவும் மேல் கீழாகவும் அசைத்துப் பாருங்கள். புதுக் கத்தியில் ஆட்டம் இருக்கவே கூடாது. இறுக்குவதற்குத் திருகு இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லலாம். இடம் வலம் ஆடுவது திருகில் சரியாகும். மேல் கீழ் ஆடுவது பூட்டின் கோளாறு, சரியாகாது.

வில்லும் தகடுகளும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முடியளவு வெளிச்சம் தெரிந்தால் அது அவசர வேலை. மலிவுக் கத்தியில் மன்னிக்கலாம், விலை கூடிய கத்தியில் கூடாது.

பூட்டு உள்ள கத்தி என்றால் அதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். லைனர் லாக் என்ற வகையில் பிடிக்குள்ளிருந்து ஒரு தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். அந்தத் தகடு அலகின் கனத்தில் கால்வாசியிலிருந்து பாதி வரை உள்ளே வந்திருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் எந்த நேரமும் நழுவும். என் ஐந்தாவது கத்தியின் தகடு நகக்கண் அளவுகூட உள்ளே வரவில்லை; தையல் போட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன். பிறகு, விரல்கள் அலகு மடங்கும் பாதையில் வராதபடி பிடியின் இரு பக்கத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரமேசையில் வைத்து அழுத்துங்கள். பூட்டு அசையக் கூடாது.

கடைசியாக, பல்புக்குக் கீழே கத்தியின் வாயை மேலே பார்க்கப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எங்கே வெள்ளிப் புள்ளியாக மின்னுகிறதோ அங்கே மழுங்கல் அல்லது பல்.

6. வீட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது

இரண்டு நாட்டுக் கத்திகளை நேர்மையாக ஒப்பிட ஒரு நிபந்தனை உண்டு: முதலில் இரண்டையும் ஒரே கல்லில், ஒரே சாய்வில் தீட்டுங்கள். கம்பெனியிலிருந்து வந்த கூர், அன்றைக்குச் சக்கரத்தில் நின்றவருடைய கைவண்ணம். அதை வைத்து எஃகை எடைபோடக் கூடாது. சாய்வுக்கு எளிய கணக்கு: அலகைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாய்த்தால் 45 பாகை. அதிலும் பாதி சாய்த்தால் 22. அதற்கு ஒரு மயிரிழை கீழே வைத்தால் 20 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்புறம் ஒரு தக்காளி, ஒரு அட்டைப்பெட்டி. தக்காளியின் தோலில் கத்தியை அழுத்தாமல், அதன் சொந்தக் கனத்திலேயே இழுங்கள். தோல் பிளந்தால் கூர் இருக்கிறது. இப்போது பெட்டியை விரல் அகலப் பட்டைகளாக அறுங்கள், பின்களைப் பிடுங்கிவிட்டு. அட்டை மிருதுவாகத் தெரியும், ஆனால் கூரைத் தின்பதில் மணல் தாளுக்கு அண்ணன். பத்துப் பட்டைக்கு ஒரு முறை தக்காளிக்குத் திரும்புங்கள். எந்தக் கத்தி எத்தனையாவது பட்டையில் தோலில் வழுக்க ஆரம்பிக்கிறது என்று எழுதி வையுங்கள்.

என் மேசையில், ஊர் தெரிந்த நான்கில் ஸ்விஸ் கத்திதான் முதலில் தோற்றது. அதற்குச் சற்றுப் பின்னால் சீனக் கத்தி. பிரெஞ்சுக் கார்பன் இன்னும் கொஞ்ச தூரம் வந்தது. ஜப்பான் கத்தி நிற்கும்போது பெட்டி தீர்ந்துவிட்டது. ஆனால் மறுபடி தீட்டியபோது வரிசை கிட்டத்தட்டத் தலைகீழ்: ஸ்விஸும் பிரெஞ்சும் இரண்டு நிமிடம், ஜப்பான் கால் மணி நேரத்துக்கு மேல். ஐந்தாவது கத்தியை மூன்றாவது பட்டையிலேயே நிறுத்திவிட்டேன். விளிம்பு சுருண்டு ஒரு பக்கமாகப் படுத்துக்கிடந்தது, விரல் நகத்தை மாட்டினால் மாட்டியது.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் நல்ல மடக்குக் கத்தியைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பில் நீல நிறம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் பதம் போச்சு. வீட்டு அரிவாள்மனைக்கு அவர். மடக்குக் கத்திக்கு ஒரு தீட்டுக்கல்லும் நான்கு சொட்டு எண்ணெயும்.

7. எதை முதலில் வாங்குவது

கையில் இருக்கும் தொகையை முடிவு செய்துகொண்டு, அந்த ஒரே விலைக்குள் இருக்கும் கத்திகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஆயிரம் ரூபாய்ச் சீனக் கத்தியையும் பதினைந்தாயிரம் ரூபாய் அமெரிக்கக் கத்தியையும் பக்கத்தில் வைத்து ‘பார்த்தாயா, சைனா’ என்பது நியாயமில்லை. பராமரிக்கச் சோம்பல் உள்ளவருக்கு ஸ்விஸ். சமையலும் பழமும்தான் வேலை என்றால் ஓப்பினல். ஒரு கையால் திறந்து பெட்டி அறுக்கும் வேலை என்றால் பெயர் தெரிந்த சீனக் கம்பெனி. தீட்டுவதையே பொழுதுபோக்காக ரசிப்பவர் ஜப்பானுக்குப் போகலாம். ஆரம்பத்திலேயே அமெரிக்க உயர்ரகம் வாங்காதீர்கள். கீறல் விழுமே என்று பயந்து இழுப்பறையில் வைத்துவிட்டு, பெட்டியைச் சாவியால் கிழிப்பீர்கள்.

பாதி விலைக்கு விக்டோரினாக்ஸ் என்று யாராவது காட்டினால் அலகின் அடியைப் பாருங்கள். எழுத்து கலங்கியிருந்தாலோ, கத்தரியும் திறப்பானும் ‘டக்’கென்று நிற்காமல் தொளதொளத்தாலோ போலி.

சட்டத்தையும் ஒரு வரி படித்துவிடுங்கள். இந்தியாவில் ஆயுதச் சட்ட விதிகள் அலகு 9 அங்குல நீளத்துக்கு அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட, வீடு விவசாயம் தொழில் சாராத கத்திகளைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. பட்டன் அழுத்தினால் சீறித் திறக்கும் கத்திகளுக்குச் சில இடங்களில் தனிக் கட்டுப்பாடு இருப்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிரிட்டனில் பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் சரியான காரணம் வேண்டும். ஜெர்மனியிலும் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைக் காரணமில்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. லண்டனில் இருக்கும் மச்சானுக்குப் பரிசு வாங்குகிறீர்கள் என்றால் இதையெல்லாம் பார்த்து வாங்குங்கள்.

விமானத்தில் போகும்போது கத்தி செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் சுண்டுவிரல் அளவுக் கத்தியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சாவிக்கொத்தை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.